காரைக்குடியில் பாசி பார்த்த மூன்று நாள்

விடிந்தும் விடியாத மார்கழிக் காலையில் ராமேஸ்வரம் ரயில் என்னைக் காரைக்குடியில் இறக்கிவிட்டுப் போனது. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. ஆட்டோ ஊருக்குள் போகப் போக இரண்டு பக்கமும் நெடிய மதில்கள். ஒரு தெருவில் முகப்பு வைத்த வீடு அடுத்த தெருவில் போய்த்தான் முடியும் ஊர் இது. சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடங்களில், மழையில் ஊறிய செங்கல்லின் மேல் பச்சை ஏறியிருந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் பார்க்க வருவார்கள். நான் அந்தப் பச்சையைப் பார்க்க வந்திருந்தேன்.

பையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று, மூடி போட்ட சின்னப் பாட்டில்கள் ஆறு, ஈரத்துணியில் சுற்றிய, ஜாவா மாஸ் என்ற தொட்டிப் பாசி ஒரு கைப்பிடி. சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் மீன்கள் கொஞ்சம், பாசி நிறைய. ஆறு வருடமாக வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடம் வாங்கியதில் பாதி அழுகிப்போனது. ஒரு கடையில் ‘கிறிஸ்துமஸ் மாஸ்’ என்று கொடுத்தது வளர்ந்தபிறகு வேறொன்றாக நின்றது. இன்னொரு கடையில் ‘வில்லோ மாஸ்’ என்று கொடுத்தது சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் பழுப்பேறி உதிர்ந்தது. கப்பின் மேல் எழுதிய பெயரை நம்பி வாங்கி, அந்தப் பெயருக்குச் சொன்ன பக்குவத்தில் வளர்த்து, கண்ணெதிரே சாகக் கொடுத்தேன். அந்த வருத்தம்தான் என்னை லென்ஸ் வாங்க வைத்தது. செடியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிடித்துக்கொண்டது.

காரைக்குடியில் என் நண்பருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. “எங்க கிணத்தடிச் சுவரைப் பார்க்கணும்னா மார்கழியில வா. தை பிறந்தா எல்லாம் காய்ஞ்சுபோகும்” என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வீட்டில் இருப்பவர் அவருடைய பெரியம்மா. எண்பதைத் தொடும் வயது. அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் ஆச்சி என்றே கூப்பிட்டேன்.

“காப்பியக் குடிங்க தம்பி. பாசி எங்கயும் ஓடிறாது” என்றார்.

முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால் நடுவில் வானம் திறந்திருக்கிறது. சுற்றிலும் சரிந்திறங்கும் நாட்டு ஓட்டுக் கூரைகள் மழையை முற்றத்தில் கொட்டுகின்றன. தூம்பின் கீழே அண்டாவை வைத்துக் குடிக்கப் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சிய தண்ணீர் தரைக்கடியில் ஓடிப் பின்கட்டுக் கிணற்றடிக்கும், தெரு ஓரக் கால்வழியாக ஊருணிக்கும் போகும். ஆற்று வளமில்லாத செம்மண் பூமியில், 1800களின் நடுவிலிருந்து 1940கள் வரை இந்த வீடுகளைக் கட்டியவர்கள், கூரையில் விழும் துளி ஊருணி சேரும்வரை அதற்கு வழி போட்டு வைத்திருந்தார்கள். அந்த வழி நெடுகப் பாசி இருக்கிறது. மூன்று நாளும் நான் நடந்தது அந்தத் தண்ணீரின் வழியேதான்.

கிணற்றடிக்குப் போனபோது தரை கரும்பச்சையாக மின்னியது. ஓரத்துச் சுவரில் இளம்பச்சை மெத்தை மெத்தையாகப் பிடித்திருந்தது.

“பார்த்துக் கால வைங்க. போன வருசம் வேலைக்கு வர்ற பொண்ணு விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. நாளன்னைக்கு வந்து தரை, சுவரு எல்லாத்தையும் சுரண்டிவிடச் சொல்லியிருக்கேன்” என்றார் ஆச்சி.

தரையைத் தொட்டேன். விரல் வழுக்கியது. நகத்தில் வந்தது கொழகொழவென்று ஒரு சவ்வு. தண்டு, இலை எதுவும் அதில் இல்லை. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்த இனம் இது. இன்றைய அறிவியல் இதைத் தாவரத்தில்கூடச் சேர்ப்பதில்லை, பாக்டீரியாக் கூட்டத்தில் வைக்கிறது. பிறகு சுவரைத் தொட்டேன். அது வழுக்கவில்லை. ஒரு சிட்டிகை கிள்ளியபோது, சுண்ணாம்புத் துகளை விடாமல் பற்றிக்கொண்டு, அரை அங்குலத்துக்கும் குறைந்த குட்டிச் செடிகள் கொத்தாக வந்தன.

“வழுக்குறது தரையில உள்ளதுதான் ஆச்சி. சுவத்துல உள்ளது வழுக்காது. நீங்களே தொட்டுப் பாருங்க.”

ஆச்சி தயங்கிக் கை வைத்தார். “வெல்வெட்டு மாதிரியில்ல இருக்கு.”

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, செடியை அதன் முன்னே கொண்டுபோனேன். சற்று நேரம் பேசாமல் பார்த்தார். “இதுல இலை இருக்கே தம்பி! நடுவுல நரம்பு வேற ஓடுது.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஆச்சி பாசி வகைப்பாட்டின் முதல் இரண்டு படிகளை ஏறிவிட்டார். இலை உண்டா என்பது முதல் கேள்வி. அந்த இலையில் நரம்பு உண்டா என்பது இரண்டாவது. மாஸ் என்பது தண்டும் இலையும் உள்ள நிலத்தாவரம். வேர் கிடையாது. பழுப்பு மயிர் போன்ற இழைகளால் கல்லையும் மரத்தையும் பிடித்துக்கொள்ளும். நீரை மேலே ஏற்றும் குழாய்கள் பெரிய செடிகளில் இருப்பதுபோல் இதில் இல்லை. பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு கனமுள்ள இலையால்தான் நீரையும் சத்தையும் உறிஞ்சும். தொட்டியில் செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் மாஸ் கருகிப்போவதற்கும் காரணம் இதுவே. தடுத்து நிறுத்தத் தோல் இல்லாத உடம்பு அது.

சுவரின் மேல் விளிம்பில், மழைச் சாரல் படாத இடத்தில், அதே செடி காய்ந்து கறுத்திருந்தது. இலைகளின் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு குழல்போல் இருந்தன. பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஆச்சியும் நானும் பார்த்துக்கொண்டே இருக்க, சுருள்கள் அவிழ்ந்து, இலைகள் விரிந்து, கறுப்பு பச்சையானது. வெப்ப நாடுகளின் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் மிகச் சாதாரணமாக வளரும் ஹயோஃபிலா இன்வலூட்டா இது. அந்தப் பெயரின் இரண்டாம் பாதிக்கே உள்சுருண்டது என்றுதான் பொருள்.

ஆச்சி லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “சரி தம்பி, இது எந்தக் கோயில்?”

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரோடு பழகாதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர். முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் யார் பங்காளி, யாருக்கு யார் பெண் கொடுக்கலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆளின் பெயர் என்ன என்பது அதற்குப் பிறகுதான். ஒரு செடியைப் பார்த்ததும் அதன் பெயரைக் கேட்காமல் கோயிலைக் கேட்டார் ஆச்சி. இரண்டு வருடம் மாஸ்களைச் சாகக் கொடுத்த காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பெயரை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் நண்பரின் சித்தப்பா என்னை ஊருக்கு வெளியே ஓர் ஊருணிக்கு அழைத்துப் போனார். செம்பாறாங்கல் கட்டிய கரை, நான்கு பக்கமும் படித்துறை, கரையில் அரசமரம். குடிநீர் ஊருணி, குளிக்கிற ஊருணி என்று பிரித்து வைத்து, குடிக்கிற தண்ணீரில் கால் நனைக்க விடாமல் காத்த ஊர்கள் இவை. காரைக்குடி நகரத்தின் குடிநீருக்குச் சம்பை ஊற்று எப்படியோ, சுற்றுக் கிராமங்களுக்கு ஊருணி அப்படி.

படியில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் பாட்டில்களில் எடுத்தேன். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: “அதுவும் பாசிதான்.” படியோரம் நூல் நூலாக மிதந்தது பாசி. அடியிலிருந்து கொடிகொடியாக எழும்பி வந்தது வேலம்பாசி. மேலே மிளகளவு வட்டங்களாகப் பரவியிருந்ததும் பாசி. சிவப்பேறிய செதில்களாக ஒதுங்கியிருந்ததும் பாசி. நம் மொழியில் இந்தச் சொல் பரந்த வீடு. மண்டபம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுப்பது கடற்பாசி. கழுத்தில் போடுவது பாசிமணி, கஞ்சிக்குப் போடுவது பாசிப்பயறு. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்குக்கூட மீன்பாசிக் குத்தகை என்றே பெயர். பச்சையாக இருப்பது, நீரோடு சேர்ந்தது என்ற இரண்டு உணர்வும் அந்தச் சொல்லில் கலந்து கிடக்கின்றன.

ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பத்தார் ஆகிவிட மாட்டார்கள். அந்தப் படித்துறையில் உட்கார்ந்தே நான்கு கோயில்களைப் பிரித்துவிடலாம். விரலிடுக்கில் எடுத்தால் நுழுநுழுவென்று வழியும் நூல்தான் உண்மையான பாசி, தாவரவியலார் ஆல்கா என்பது. வேலம்பாசி பூத்து வேர்விடும் செடி, நெல்லுக்கும் தாமரைக்கும் நெருங்கியது. மிளகளவு வட்டங்களும் பூக்கும் செடிதான், உலகத்தில் மிகச் சிறிய பூச்செடிகளின் குடும்பம். சிவந்த செதில் அசோலா, பெரணி இனத்தது. அன்று அந்த ஊருணியில் மாஸ் மட்டும்தான் இல்லை.

குறுந்தொகையின் 399ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. தலைவன் தொட்டால் விலகி, கையை எடுத்தால் மறுபடி படர்கிற பசலைக்கு, ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் உள்ள பாசியை அது உவமை சொல்கிறது. எந்தப் பாசி? பக்கத்தில் கிடந்த செம்பை எடுத்து நூற்பாசியின் மேல் அமிழ்த்தினேன். அது செம்பின் விளிம்பில் சிக்கி இழுபட்டு வந்தது. மிளகுவட்டப் பரப்பில் அமிழ்த்தினேன். வட்டங்கள் விலகி வழிவிட்டன, செம்பை எடுத்ததும் ஓசையில்லாமல் கூடின. அந்த உவமைக்குள் இருப்பது மிதவைப் பாசி என்று அந்தப் படியில் எனக்கு உறுதிப்பட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் எவ்வளவு கூர்ந்து பார்த்துவிட்டு அதை எழுதியிருக்கிறார்! சொல் ஒன்றாக இருந்தாலும் அவர் கண் பிரித்தே பார்த்திருக்கிறது.

இரண்டாம் நாள் காலை பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மீன் கடையைத் தேடிப் பிடித்தேன். வண்ண மீன் விற்கும் சின்னக் கடை. இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மூலையில் பிளாஸ்டிக் கப்புகளில் நீர்ச்செடிகள். “எல்லாம் சென்னை கொளத்தூர்லேருந்து வருதுண்ணே” என்றார். வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் கொளத்தூரில் நிறைய. அங்கே கப்பில் ஒட்டிய பெயர்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும் பயணம் போகிறது.

நான்கு பெயர்கள் இருந்தன: ஜாவா மாஸ், கிறிஸ்துமஸ் மாஸ், ரிக்சியா, மாஸ் பால். அனுமதி வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் எடுத்துவைத்தேன்.

மாஸ் பால் என்ற பச்சை உருண்டையைப் பிய்த்து லென்ஸில் பார்த்தால் இலையே இல்லை, கிளைவிட்ட நூல்கள் மட்டும். பெயரில் மாஸ் இருந்தாலும் அது ஆல்கா, நேற்றைய ஊருணி நூலுக்குத்தான் உறவு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அக்கான் ஏரியில் அலையில் உருண்டு உருண்டு பந்தாகிறது. அங்கே அதற்கு மாரிமோ என்று பெயர். 1952இல் ஜப்பான் அதைச் சிறப்பு இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காத்துவருகிறது. குளிர் ஏரியின் பிள்ளை அது. நம் வெயிலில் தொட்டியை இருட்டான மூலையில் வைத்துக் குளிர்ச்சி காட்டாவிட்டால் நைந்துபோகும். 2021இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இந்த உருண்டைகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்ற, நீர்நிலைகளைப் பாழாக்கும் உயிர் ஒளிந்து வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வாங்கிவரும் எந்த நீர்ச்செடியையும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பதும், கழித்த செடியைக் கண்மாயிலோ ஊருணியிலோ எறியாமல் இருப்பதும் நம் கடமை.

ரிக்சியாவிலும் இலை இல்லை. பச்சை நாடா இரண்டிரண்டாகக் கிளை பிரிந்துகொண்டே போகிறது. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் படித்தவர்கள் இதன் படத்தை வரைந்திருப்பார்கள். மாஸின் ஒன்றுவிட்ட பங்காளியான ஈரல்தழை இனம். இயல்பில் மிதப்பது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ இதைக் கல்லோடு வலைபோட்டுக் கட்டி நீரடியில் புல்வெளிபோல வளர்த்துக் காட்டிய பிறகு உலகமெல்லாம் தொட்டிகளில் இடம்பிடித்தது. கட்டு அவிழ்ந்தால் மேலே வந்துவிடும். அதன் சுபாவம் அது. இப்படி நாடா வடிவில் என் வீட்டில் இன்னொன்று உண்டு. சூஸ்வாசர்டாங் என்ற ஜெர்மன் பெயருக்கு நன்னீர்க் கடற்பாசி என்று பொருள். ஆராய்ந்து பார்த்ததில் அது கடற்பாசியும் இல்லை, மாஸும் இல்லை. ஒரு பெரணியின் வாழ்க்கையில் முதல் பருவம். வளர்ந்த பெரணியாக மாறாமலேயே தொட்டிக்குள் காலம் தள்ளுகிறது.

மிஞ்சிய இரண்டும் மாஸ்தான். இலையில் நரம்பு இருக்கிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. கிணற்றடிச் சுவர்ச் செடி நிமிர்ந்து நிற்கும், நுனியில் காய் வைக்கும், இலையில் நரம்பு ஓடும். தொட்டி மாஸ்களில் பெரும்பாலானவை படர்பவை. பக்கவாட்டில் கிளைவிடும், காயும் பக்கத்திலிருந்து வரும், நரம்பு இருக்காது, இருந்தாலும் அடியில் கொஞ்சம் தெரிந்து மறையும். நிற்பவை, படர்பவை என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால், சுவரிலிருந்து பிய்த்த மெத்தையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி ஏமாற மாட்டோம்.

“இந்த ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்? எனக்கு வந்த பேரத்தான் எழுதியிருக்கேன்” என்று கடைத்தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. உலகமே நெடுங்காலம் தடுமாறிய இடம் அது. ஜாவா மாஸ் பல பத்தாண்டுகளாக வெசிகுலேரியா துபியானா என்ற பெயரில் விற்கப்பட்டது. 2000களின் நடுவில் சிங்கப்பூரில் பிலிப்பைன்ஸ் மாஸ் அறிஞர் பெனிட்டோ டான், அங்குள்ள தொட்டி ஆர்வலர்களோடு சேர்ந்து சந்தையில் கிடைக்கும் மாஸ்களை ஆராய்ந்தார். எங்கும் கிடைக்கும் ஜாவா மாஸ் டாக்ஸிஃபில்லம் பார்பியெரி என்றும், வெசிகுலேரியா துபியானா என்ற பெயருக்குரியது சிங்கப்பூர் மாஸ் என்றும் தெளிந்தது. தவறு நேர்ந்ததற்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. மாஸை உறுதியாக அடையாளம் காணக் காய் வேண்டும், இந்த மாஸ்கள் நீருக்கடியில் அரிதாகத்தான் காய்க்கும். வெளிச்சம் குறைந்தால் கிளைகள் மெலிந்து நீண்டு, எல்லா மாஸும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அப்போது நுண்ணோக்கியில் இலையின் அணுக்களைத்தான் பார்க்க வேண்டும். டாக்ஸிஃபில்லத்தின் அணுக்கள் நீண்டு ஒடுங்கி நூல்துண்டுபோல் இருக்கும். வெசிகுலேரியாவின் அணுக்கள் அகன்று, தேனடையை இழுத்துப் பிடித்ததுபோல் இருக்கும்.

கண்ணால் பார்க்கும் குறிகளும் உண்டு, நல்ல வெளிச்சத்தில் இரண்டு மாதம் வளர்ந்திருந்தால். ஜாவா ஒழுங்கில்லாமல் எல்லாத் திசையிலும் கிளைவிடும். கிறிஸ்துமஸ் என்பது வெசிகுலேரியா மான்டாக்னி, கிளைகள் இருபுறமும் சீராகப் பிரிந்து முக்கோண ஓலையாக அடுக்கடுக்காகத் தொங்கும். வீப்பிங் மாஸ், வெசிகுலேரியா ஃபெரியி, மழைத்தாரைபோலக் கீழ்நோக்கி வடியும். ஃபிளேம் மாஸ் டாக்ஸிஃபில்லத்தைச் சேர்ந்தது, முறுக்கிக்கொண்டு மேலே எழும்பும். ஃபீனிக்ஸ் என்று விற்கும் ஃபிஸிடென்ஸில் இலைகள் இரண்டே வரிசையில், மயிலிறகுபோல் தட்டையாக இருக்கும். வில்லோ மாஸான ஃபான்டினாலிஸில் இலைகள் மூன்று வரிசையாக அடுக்கியிருக்கும். அதன் முழுப்பெயர் ஃபான்டினாலிஸ் ஆன்டிபைரெட்டிகா. 1753இல் லின்னேயஸ் வைத்தது. தீக்குப் பகை என்று பொருள். சுவீடனில் புகைபோக்கிக்கும் சுவருக்கும் நடுவே தீப்பிடிக்காமலிருக்க இதை அடைப்பார்களாம். குளிர்ந்த ஓடைகளில் பிறந்த அந்தச் செடியைத்தான் நான் சென்னைச் சித்திரையில் கொன்றேன். அதன் கோயிலைக் கேட்டிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

கடைத்தம்பி தன் பேனாவை எடுத்து, கிறிஸ்துமஸ் என்ற கப்பின் மேல் கேள்விக்குறி போட்டார். “வளர்த்துப் பார்த்துட்டு எழுதுறேண்ணே” என்றார். அந்தப் பொறுமைதான் இந்தக் கலைக்கு வேண்டிய முதல் தகுதி. அவரிடமே சில நல்ல ஜாவா கிளைகளை வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நடந்தேன். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, நிலை, மங்குச் சாமான், பித்தளைக் குடம் எல்லாம் வந்து சேரும் பழம்பொருள் கடைத் தெரு. மாஸ் வைக்க அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று எடுத்தேன். பக்கத்தில் குவிந்திருந்த பாத்திரங்களில் எழுத்துகள் வெட்டியிருந்தன: ‘அரு.’, ‘மெ.’, ‘பழ.’ என்று இரண்டு மூன்று எழுத்துகளின் வரிசை. நகரத்தார் இதை விலாசம் என்பார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். ரங்கூனுக்கும் சைகோனுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போனவர்கள் கொண்டுவந்து சேர்த்த சாமான், எத்தனை கை மாறினாலும் யார் வீட்டுப் பொருள் என்று விலாசம் சொல்லிவிடும். அவர்கள் சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859இல் தண்டாயுதபாணி கோயில் எழுப்பியவர்கள். என் பையிலிருக்கும் மாஸ்களும் அதே தென்கிழக்காசிய மழைக்காடுகளின் ஈரப்பாறைகளிலிருந்து கிளம்பி, அதே கடலைத் தாண்டி இந்தத் தெருவுக்கு வந்தவை. வழியில் விலாசம் தொலைந்துபோனது, அவ்வளவுதான்.

அன்றிரவு வளவில் பாய் விரித்து, பீங்கான் தட்டுகளில் மூன்று இடத்துப் பச்சையையும் பிரித்து வைத்தேன். ஆச்சி எதிரே உட்கார்ந்து மாஸை நறுக்கிக் கொடுத்தார். கருவேப்பிலை ஆய்ந்த கை, ஒரே அளவாக வெட்டியது. மாஸை வெட்டப் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். மெல்லிய படலமாகக் கல்லின் மேல் பரப்பி, பருத்தி நூலால் சுற்றினோம். சில வாரங்களில் செடி தானே பிடித்துக்கொள்ளும், நூல் மக்கிப்போகும். தடிமனாக வைத்தால் அடிப்பக்கம் வெளிச்சமில்லாமல் அழுகும். நேர்வெயில் கூடாது, நூற்பாசி ஏறி மாஸை மூடிவிடும். ஜாவா மாஸ் 28, 30 டிகிரி வரை தாங்கும், காரைக்குடிக் கோடையில் ஜாடி தரையோரம் நிழலில் இருக்க வேண்டும். ஃபிஸிடென்ஸ் அதற்குத் தாங்காது. மீன்குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் இறாலுக்கு மேய்ச்சலும் மாஸ்தான்.

“இதையெல்லாம் மொதமொதல்ல யார் பிரிச்சாக?” என்று ஆச்சி கேட்டார்.

ஜோஹான் ஹெட்விக் என்ற ஜெர்மன் மருத்துவரைப் பற்றிச் சொன்னேன். நுண்ணோக்கியில் மாஸின் ஆண் பெண் உறுப்புகளைக் கண்டவர். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1801இல் வந்த நூலிலிருந்துதான் மாஸ்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் கணக்கு தொடங்குகிறது. மற்றச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 1753. நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார் என்று செண்பகனூர் யேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோவைச் சொன்னேன். பழனி மலைக் காடுகளில் மாஸ் மாஸாகத் தேடிச் சேர்த்த பிரெஞ்சுக்காரர். அவர் தொகுத்த பழனி மலை மாஸ்களின் பட்டியல், அவர் மறைவுக்குப் பின் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இன்றும் அந்த மலையில் மாஸ் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

“ரெண்டு பேருமே புத்தகத்தப் பார்க்காமப் போயிட்டாகளே” என்றார் ஆச்சி. பிறகு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, “இதுக்கு விலாசம் எழுதிக் குடுங்க தம்பி, நீங்க போனப்பறம் யாராச்சும் கேட்டா நான் சொல்லணுமில்ல” என்றார்.

அட்டைத் துண்டில் எழுதினேன். பேர்: ஜாவா மாஸ். கோயில்: டாக்ஸிஃபில்லம். ஊர்: தென்கிழக்காசியா. சுபாவம்: படர்வது, நிழல் விரும்புவது. ஆகாதது: வெயில், செம்பு. ஆச்சி வாய்விட்டுப் படித்துப் பார்த்து, ஜாடியின் கழுத்தில் கட்டினார்.

மூன்றாம் நாள் காலை சென்னை திரும்பப் பல்லவன் ரயிலைப் பிடிக்க விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பின்கட்டில் பேச்சுக் குரல். சொன்னபடி வேலைக்கு வரும் பெண் கம்பித் தேய்ப்பானும் வாளியுமாக வந்துவிட்டிருந்தார். போன வருடம் கை ஒடிந்தவர் அவர்தான். விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வழுக்கும் கரும்பச்சையைத் தேய்க்கத் தொடங்கினார். விடைபெற நான் கிணற்றடி வாசலில் போய் நின்றேன். தேய்ப்பான் சுவர்ப்பக்கம் திரும்பியதும் ஆச்சி கையை நீட்டித் தடுத்தார்.

“தரைய மட்டும் தேயி. சுவத்துல உள்ளதத் தொடாத. அது வேற கோயில்.”